தலைச்சன் பிரசவமும் ஒற்றைப் பாலமும்

கோலா சாவா,
நவம்பர் மாதம், மழை விட்டிருக்கும் நேரம்.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை கீத் அவர்களுக்கு, மாமனார் சந்தியாகு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியார் டோரினும் இந்த வரியை எழுதும் வரை உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் சுகத்தையும், என் மகள் ஜெனவீவின் சுகத்தையும், எட்டு மாதமாக அவள் வயிற்றில் இருந்துகொண்டு இங்கே என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் சின்னவரின் சுகத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

நிற்க. ஃபோன் இருக்கும்போது இந்த மனிதருக்குக் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். என் ஃபோன் என்னிடம் இல்லை. போன மாதம் எவனோ ஒருவன் போலீஸ் என்று சொல்லிக் கூப்பிட்டான். மோசடிக்காரன் என்று தெரியாமல் நான் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பதில் சொன்னேன். அதைப் பார்த்த உங்கள் மாமியார் அன்றைக்கே ஃபோனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இப்போது எனக்கு வரும் அழைப்பை அவள் பேசுகிறாள், எனக்கு வரும் செய்தியை அவள் படிக்கிறாள், எனக்குத் தேவையானதை மட்டும் என்னிடம் சொல்கிறாள். நான் எழுதப் போவதோ அவள் கண்ணில் படவே கூடாத விஷயம். அதனால்தான் சிம்பாங் முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹுமாயூன் பாய் சாமான் வாங்கக் கோலாலம்பூர் வரும்போது அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாய் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். திறந்தாலும் வெங்காயத்தைப் பற்றித்தான் பேசுவார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயத்தில் மறந்துவிடுவேன். ஜெனவீவைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிக்கொண்டு வராதீர்கள். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதைச் சொல்லியேதான் டோரின் மாதக்கணக்காக வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள். நான் படுத்திருந்த அறை இப்போது பிரசவ அறை. நான் ஹாலில் இஸ்திரி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கிறேன், புரண்டால் இஸ்திரிப்பெட்டி தலையில் விழும் என்பதால் புரள்வதில்லை. இஞ்சி, பூண்டு, சுக்கு, சுறாக் கருவாடு என்று வீடு முழுக்கப் பத்தியச் சாமான். பக்கத்து லயத்து வீட்டு முத்தாயி பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டுமே என்று இப்போதே காலை நீட்டி உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறாள். இவர்களிடம் போய் நான் 'பிள்ளை வர வேண்டாம்' என்று சொன்னால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. ஆகவே, சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இத்தனை பயத்துக்கும் காரணமே நீங்கள்தான் என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாதா திருநாளுக்கு வந்திருந்தபோது, கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்களிடம், ஆபிசில் என்ன வேலை என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். வெள்ளம், மண்சரிவு, கரண்ட் போவது, கம்ப்யூட்டரைக் கெடுப்பது என்று என்ன வந்தாலும் சாலையும் ரயிலும் நின்றுபோகாதபடி முன்கூட்டியே வழி பண்ணும் வேலை என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். இலையோரத்து ரசத்தில் விரலை நனைத்து மேசையில் எங்கள் தோட்டத்தைப் படமாகப் போட்டீர்கள்.

"மாமா, இது உங்க லயம். இது ஆறு. வெளிய போக ஒரே சடக்கு, ஒரே பாலம். இந்த ஒண்ணு போச்சுன்னா முடிஞ்சுது லா. எந்த ஊரா இருந்தாலும் ரெண்டாவது வழி ஒண்ணு இருக்கணும்" என்றீர்கள். சொல்லிவிட்டுப் பாலத்தை விரலாலேயே அழித்தீர்கள். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிச் சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டீர்கள். டோரின் மேசையைத் துடைத்துவிட்டாள். நான் மட்டும் அந்தப் படத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இந்தத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பாலத்தைத் தினமும் கடந்தவன். ரொம்பக் காலம் எனக்கு அது வெறும் பாலம். போன வருஷக் கடைசியில் ஒரு பகல் ஆறு அதற்கு மேலே ஏறி ஓடியது. அன்றைக்குப் பார்த்து, டிராக்டர் ஓட்டும் மணியத்துக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமாகவே வந்துவிட்டது, ஆனால் அந்தக் கரைக்கு. நாங்கள் இந்தக் கரையில் அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தாங்கிக்கொண்டு நின்றோம். அவர்கள் அங்கிருந்து கையை ஆட்டினார்கள், நாங்களும் ஆட்டினோம், வேறு என்ன செய்வது. நடுவில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், அதில் ஒரு முழுச் செம்பனை மரம் வேரோடு உருண்டு போனது. மணியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிராணியாரே, அவங்க முகம்கூட நல்லா தெரியுது இல்ல" என்றான். தண்ணீர் வடிந்து அக்கரை போய்ச் சேர்ந்த பிறகு, அது நெஞ்சு வலி இல்லை, முதல்நாள் தின்ற பலாக்கொட்டையின் வாயு என்றார்கள். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவன் கையை விட்டபோது என் மணிக்கட்டில் விரல் தடம் பதிந்திருந்தது. நீங்கள் ரசத்தில் பாலத்தை அழித்தீர்களே, அப்போது எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. அதில் மணியம் இல்லை, ஜெனவீவ் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே இரண்டாவது வழி தேட ஒரு குழு அமைத்தேன். பேரிடர்க் காலப் போக்குவரத்துக் குழு, தலைவர் சந்தியாகு. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். டோரின் உருளைக்கிழங்கு மசாலா வைத்துக் கறிப்பாப் பொரிக்கிறாள் என்று செய்தி பரவியதால் நல்ல கூட்டம். என்னென்ன ஆபத்து வரலாம், ஆளாளுக்குச் சொல்லுங்கள் என்றேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. வெள்ளத்தில் ஆரம்பித்தார்கள். பிறகு மண்சரிவு வந்தது, தேனீ வந்தது, சடக்கின் நடுவில் படுத்துக்கொள்ளும் காட்டுப்பன்றி வந்தது, புகைமூட்டம் வந்தது. கடைசியில் பாலர் பள்ளி ஆசிரியை புஷ்பவள்ளி எழுந்து, "ஹேக்கரை யாரும் சொல்லலையே" என்றாள்.

"நம்ம பாலத்துல ஹேக்கருக்கு என்னா வேலை டீச்சர்? அதுல இருக்கிறது கட்டையும் ஆணியும்தான்" என்றான் மணியம்.

"பாலத்துக்கு இல்லண்ணே. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர், டிராபிக் லைட்டு, ஃபோன்ல வழி காட்டுற மேப்பு, எல்லாம் ஒரே நேரத்துல படுத்துட்டா எப்படிப் போவீங்க?"

"ஆளக் கேட்டுப் போவோம்" என்றாள் முத்தாயி, அடுத்த கறிப்பாப்பை எடுத்துக்கொண்டே. அவள் மாதிரி இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது. எனக்கு அதுவரை தண்ணீரை நினைத்து மட்டும்தான் பயம். அன்றிலிருந்து டிராபிக் லைட்டில் சிவப்பு கொஞ்சம் அதிக நேரம் நின்றாலும் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறேன். பாலம் இல்லை என்று வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி காட்டச் சொல்லி புஷ்பவள்ளி தன் ஃபோனைக் கேட்டுப் பார்த்தாள். அது ஆற்றுக்குள் ஒரு நீலக் கோடு போட்டு, நேராகப் போகச் சொன்னது. கூட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

தோட்டத்துக்குப் பின்னால் செம்பனைக் காட்டுக்குள் பழைய செம்மண் சடக்கு ஒன்று உண்டு. ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தார்ச் சாலையில் ஏறும், அங்கிருந்து எங்கள் பாலத்தைத் தொடாமலே சிரம்பான் போய்விடலாம். இதுதான் நம் இரண்டாவது வழி என்று முடிவுசெய்து, மரத்துக்கு மரம் 'அவசர வழி' என்று அம்புக்குறி போட்ட பலகை மாட்டினோம். மாட்டிய மறுநாளே சோபா ஏற்றிக்கொண்டு வந்த வெளியூர் லாரிக்காரர் ஒருவர் அம்பைப் பார்த்து, இதுதான் குறுக்கு வழி என்று நினைத்து உள்ளே போய்விட்டார். பன்றி முதுகைத் தேய்த்ததில் நடுவில் ஒரு பலகை திரும்பிக்கொண்டது. அவர் மரத்தைச் சுற்றி மரத்தைச் சுற்றிப் போய், சேற்றில் புதைந்து, ஃபோனில் லைன் இல்லாமல், தன் சோபாவிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். குலை வெட்டப் போனவர்கள் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். பாவம், டோரின் போட்ட சாப்பாட்டைக்கூட அவர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்.

அந்தச் சடக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. குலை திருடுகிறார்கள் என்று நிர்வாகம் அங்கே ஓர் இரும்புக் கேட் போட்டிருக்கிறது. முன்பு சாவி காவல்காரரிடம் இருக்கும், கூப்பிட்டால் வந்து திறப்பார். இப்போது புதுப் பூட்டு, சாவியே கிடையாது. ஃபோனில் கேட்டால் ஒரு நம்பர் வரும், அதைப் பூட்டில் அழுத்தினால் திறக்கும். அந்த நம்பருக்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான், பிறகு வேறு நம்பர் கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கேட் இருக்கும் பள்ளத்தில் லைன் கிடையாது. லைன் மேட்டில் இருக்கிறது. மேட்டில் ஏறினால் நம்பர் வருகிறது, நம்பரோடு இறங்கி வந்தால் அது செத்துப்போயிருக்கிறது. தோட்டத்து உதவி மானேஜர் சின்னத் துரையிடம் போய்ச் சொன்னேன். சிஸ்டம் ரொம்ப பாகுஸ், நன்றாக வேலை செய்கிறது, திருட்டு குறைந்துவிட்டது என்றார். திருடர்கள் மோட்டார் சைக்கிளில் கேட்டைச் சுற்றிக்கொண்டு போய்வருவதை நான் கண்ணால் பார்த்தேன். அவரிடம் அதைச் சொல்லப் பயமாக இருந்தது, ஒத்திகைக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு. கர்ப்பிணியாகப் புஷ்பவள்ளி, வயிற்றில் என் தலையணை. மழைத் தண்ணீரில் மூழ்காத உயரமான வண்டி எங்களிடம் ஒன்றுதான், மணியத்தின் டிராக்டர் இழுக்கும் வண்டி. அது யார் வண்டி என்று உங்களுக்குத் தெரியும். திருநாளன்று மாதா பவனி வருவது அதில்தான். கட்டிய வளைவும் காகிதப் பூவும் வண்ண பல்பும் அப்படியே இருந்தன, அடுத்த திருநாளுக்கு வேலை மிச்சம் என்று இங்கே யாரும் கழற்றுவதில்லை. நான் தலையில் ஹெல்மெட், வாயில் விசிலோடு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். இதில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்று நினைத்தேன் பாருங்கள், எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

அந்த வண்டி லயத்துச் சடக்கில் உருண்டால் ஒவ்வொரு வாசலிலும் நின்றாக வேண்டும். வேதக்கார வீடு, இந்து வீடு என்ற பேச்சே கிடையாது. உப்பு, மிளகு, மெழுகுவத்தி, மாலை என்று அவரவர் கொண்டுவருவார்கள், ஒரு பாட்டுப் பாடுவார்கள், பிறகுதான் வண்டி அடுத்த வாசலுக்கு நகரும். இது நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். முதல்நாளே மைக் வைத்து, நாளைக்கு வருவது ஒத்திகை, யாரும் வண்டியை நிறுத்தக் கூடாது, உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்திருந்தேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டியிருந்தார்கள். வண்டி புறப்பட்டு முதல் வாசலுக்கு வந்தால், சடக்கின் நடுவில் முத்தாயி தட்டோடு நிற்கிறாள்.

"முத்தாயி, இது ஒத்திகை. வழியை விடு."

"தெரியும் கிராணியாரே. சும்மா கொஞ்ச நேரம்."

"உள்ள மாதா இல்ல, டீச்சர்தான் இருக்காங்க."

"அதுவும் தெரியும். அதுக்காக மாதா வண்டி வாசலைத் தாண்டிப் போனா மனசு கேக்குமா? டீச்சர், கழுத்தைக் கொஞ்சம் குனிங்க."

கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம், அதனால் புஷ்பவள்ளி கழுத்தில் போட்டாள். மணியம் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். நான் ஆத்திரத்தில் விசில் அடித்தேன், பாட்டுக்குத்தான் சைகை என்று நினைத்து எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். அடுத்த வாசலில் தேங்காய் உடைத்தார்கள். அதற்கடுத்த வாசலில் ஒரு பெரியவர், மருமகளுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லி, என் தலையணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அதைப் பார்த்துத் தலையணையைத் தொட ஒரு வரிசை நின்றது. பொண்ணுக்கு வலி அதிகமாயிருச்சு, வழி விடுங்க என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அப்படின்னா இன்னொரு பாட்டு பாடுவோம் லா" என்றார்கள். புஷ்பவள்ளி மாலைக்கு நடுவில் கண் மட்டும் தெரிய, யாரோ கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜமாக இருந்திருந்தால் பிள்ளை அந்த வண்டியிலேயே பிறந்து, பல் முளைத்து, அதுவும் கூடச் சேர்ந்து பாடியிருக்கும்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பின்னால் லயமே வந்திருந்தது, பாதிப் பேர் ஜெபமாலை சொல்லிக்கொண்டு. இவ்வளவு ஆள் வந்தது ஒரு விதத்தில் உதவியது என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். மேட்டு உச்சியிலிருந்து கேட் வரை அவர்களை வரிசையாக நிற்கவைத்தேன். உச்சியில் நின்றவர் ஃபோனில் வந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல, அடுத்தவர் அதையே சொல்ல, மன்றாட்டுக்குப் பதில் சொல்வது போல ராகத்தோடு இறங்கி வந்தது. ராகத்தில் இழுத்ததால் முதல் நம்பர் வழியிலேயே செத்தது. ராகம் வேண்டாம் என்று கெஞ்சிய பிறகு அடுத்த நம்பருக்குப் பூட்டு திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வண்டி கேட்டைத் தாண்டியது. அப்போதுதான் மழை பிடித்தது.

இதுவரை சிரித்திருப்பீர்கள். இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. செம்பனைக்குள் பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாது. பகலே இருட்டிவிடும், மட்டைகள் மேலிருந்து முறிந்து விழும், எந்தப் பக்கம் சடக்கு, எந்தப் பக்கம் கால்வாய் என்று தெரியாது. வந்தவர்களைத் திரும்பி ஓடச் சொல்லிவிட்டேன். வண்டி சறுக்கிப் பின்சக்கரம் கால்வாயில் இறங்கிச் சாய்ந்து நின்றது. மணியம் பலகை எடுத்துவர ஓடினான். சாய்ந்த வண்டியில் நானும் புஷ்பவள்ளியும் மட்டும். கால்வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, இடி மேட்டின் மேலேயே விழுந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண், நனைந்து கனத்துப்போன தலையணையை இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிராணியாரே, இது தலகாணின்னு எனக்குத் தெரியுது. ஆனா கைய எடுக்க முடியல. ரொம்பப் பயமா இருக்கு" என்றாள்.

பயப்படாதேம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, என் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மழையின் சத்தத்தில் எனக்குப் புஷ்பவள்ளி தெரியவில்லை. என் மகள் வலியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அவளை எங்கேயும் கொண்டுபோக முடியாமல் நிற்கிறேன், அதுதான் தெரிந்தது. மணியம் ஆட்களோடு வந்து எங்களை இறக்கி, சேற்றில் நடத்திக் கூட்டி வந்தான். இதில் இன்னொரு கூத்து, அன்று முழுக்கப் பாலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை. ஊரே பின்பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் போகத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். டோரின் கதவைத் திறந்து என்னையும் தலையணையையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு தலகாணிக்கே இந்தப் பாடா? என் மக வந்தா நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஒரு மூலையில உக்காந்து வாய மூடிக்கிட்டு இருந்தா அதுவே பெரிய உதவி" என்றாள். அவளுக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே போனவள் வெகு நேரம் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. எட்டிப் பார்த்தால் அடுப்படியில் நின்றபடியே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முடிவை மாற்ற மாட்டாள். மாற்ற உங்களால் மட்டும்தான் முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக ஒரு வார்த்தை டோரினிடம் சொல்லுங்கள். நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய், பாதரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவள் கொஞ்ச நேரம் கத்துவாள், பிறகு கருவாட்டையும் இஞ்சியையும் மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்து இறங்கிவிடுவாள். நான் பாய் கடையில் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடுவேன். நீங்கள் இருப்பது பெரிய பட்டணம். கீழே இறங்கினால் ரயில், பக்கத்தில் பெரிய சாலை, அதற்கு மேலே இன்னொரு சாலை, ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி தெரியும் என்று ஜெனவீவ் சொல்வாள். ஒன்று போனால் ஒன்று இருக்கிறது. அதையெல்லாம் காபந்து பண்ணும் வேலையே உங்களுடையதுதான். அவள் அங்கே இருக்கிறாள் என்றால் நான் கொஞ்சமாவது கண்ணை மூடுவேன். எனக்கு ஒரே பிள்ளை. பேரப்பிள்ளையின் முகத்தை எப்போது பார்த்தாலும் சரி, முதலில் அவள் உயிரோடு இருக்க வேண்டும். வராதே என்று இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் உங்கள் தலையில் போடுகிறேன்.

மாதா உங்கள் மூவரையும் தன் சேலைத் தலைப்பில் முடிந்து, அவிழாமல் வைத்துக்கொள்ளட்டும். மாடிப்படி ஏறும்போது ஜெனவீவை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள், இறங்கும்போது நீங்கள் முன்னால் போங்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எங்கள் ஸ்தோத்திரத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் பிரியமும் பாலத்தின் மேல் சந்தேகமும் உள்ள மாமனார்,
ம. சந்தியாகு

பின்குறிப்பு: இதை ஹுமாயூன் பாய் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போடப் போகும்போது கடை ஃபோன் அடித்தது. பாய் எடுத்து, "இங்கதான் உக்காந்திருக்காரு, பேசும்மா" என்று என்னிடம் நீட்டினார். ஜெனவீவ். அம்மா காதில் விழக் கூடாது என்று கடைக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அப்பா, முதல்ல பயப்படாதீங்க" என்றாள். நான் உடனே பயந்தேன்.

நேற்று மாலை உங்கள் பக்கம் கொட்டிய மழையில் அவள் வந்த, தூண்களின் மேல் ஓடும் ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில், அவ்வளவு உயரத்தில் நின்றுவிட்டதாம். விளக்கு அணைந்து, காற்றும் நின்று, கடைசியில் கதவைத் திறந்து எல்லாரையும் தண்டவாள ஓரமாக நடத்திக் கூட்டிப் போனார்களாம். முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அம்மாள் நிலையம் வரும்வரை அவள் கையை விடவே இல்லையாம். கீழே இறங்கினால் சாலையெல்லாம் தண்ணீர், ஒரு டாக்சிக் காடியும் வரவில்லை. ஆபிசில் இதே விஷயமாகத்தான் கூட்டத்தில் இருந்த நீங்கள், பாதியில் எழுந்து முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து, அவளை மெல்ல நடத்தி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதீர்களாம். "அப்பாகிட்ட சொல்லாத, அவரு ஏற்கெனவே பயந்தவரு" என்றும் சொன்னீர்களாம். மாப்பிள்ளை, அழுததற்காக நான் உங்களை ஒன்றும் நினைக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் மரியாதை கூடிவிட்டது.

அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை, டாக்டர் பார்த்துவிட்டார் என்றாள். பிறகு, "அப்பா, நான் வீட்டுக்கு வரட்டா?" என்று கேட்டாள்.

இந்தக் கடிதம் கையில்தான் இருந்தது. இத்தனை பக்கத்தையும் பார்த்துக்கொண்டேதான் "வாம்மா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆகையால் மேலே எழுதியதெல்லாம் ரத்து. புதிதாக எழுத வேறு தாள் இல்லை, பாய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பெயரில் பொய் எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள், உங்கள் மாமியார் கண்ணில் பட்டால் எனக்கு ஹாலும் கிடைக்காது. நீங்களும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எங்களோடு தங்குங்கள். எங்கள் பாலம் அப்படியேதான் இருக்கிறது, மழைக்காலமும் முடியவில்லை. என் பயமும் துளி குறையவில்லை, அவள் அங்கே இருந்தாலும் பயப்படுவேன், இங்கே இருந்தாலும் பயப்படுவேன். எப்படியும் பயப்படுவது என்று ஆகிவிட்டது, பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே பயப்படுகிறேன். கூட்டி வாருங்கள், மாப்பிள்ளை.